நான்காவது கல் பெஞ்சு

ஜன்னல் மூடியே இருக்கட்டும், சார். திறந்தால் பொடி உள்ளே வந்து உங்கள் காகிதத்தையும் டீயையும் ஒரு கை பார்த்துவிடும். இந்த அறையை நான் தினமும் இரண்டு தடவை ஈரத்துணியால் துடைக்கிறேன். அப்படியும் சாயங்காலம் மேஜையில் விரலால் பெயர் எழுதலாம். வெளியே கேட்கிற அந்தச் சரசரப்பு சல்லடைச் சத்தம். பத்து நிமிஷம் போனால் அது காதிலேயே விழாது.

தொழிலாளர் இலாகாவிலிருந்து வந்து, என் தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நடுவில் பிடித்தால் அரைகுறையாக எழுதிக்கொண்டு போவீர்கள், நாளைக்கு வேறு ஒருவர் வந்து மறுபடியும் கேட்பார். உங்கள் வயதைப் பார்த்தால் தம்பி என்று கூப்பிடத்தான் வாய் வருகிறது. அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரன் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதனால் சார் என்றே சொல்கிறேன்.

நாங்கள் கல் செய்கிறோம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே செய்கிறோம். குவாரியில் வேண்டாம் என்று தள்ளுகிற துண்டுகளை வாங்கி வந்து, உடைத்து, பொடியாக அரைத்து, வெள்ளை சிமெண்டைச் சேர்த்து, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மர அச்சில் போட்டு இடிப்போம். மறுநாள் அச்சைக் கழற்றினால் உள்ளே கல் நிற்கும். தோட்டத்துப் பெஞ்சு, பூந்தொட்டி, குருவி தண்ணீர் குடிக்கிற கிண்ணம், குளத்தைச் சுற்றிப் பதிக்கிற விளிம்பு எல்லாம் இதில் வரும். பார்க்கிறவர்கள் மலையில் வெட்டியது என்று சத்தியம் செய்வார்கள். நாக்கை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். மலைக்கல்லில் நாக்கு வழுக்கும். எங்கள் கல் லேசாக நாக்கைப் பிடித்துக்கொள்ளும். யார் பெஞ்சை நக்கிப் பார்க்கப் போகிறார்கள். சிலருக்குப் பழையதாகத் தெரிய வேண்டும். அவர்களுக்குத் தயிரைத் தண்ணியாகக் கரைத்து மேலே பூசி நிழலில் வைத்துவிடுவோம். கொஞ்ச நாளில் பாசி பிடித்துவிடும். நேற்றுப் பிறந்த கல்லுக்கு நூறு வயதாக்க ஒரு கிண்ணம் தயிர் போதும்.

இதில் இரண்டு கலவை உண்டு. உள்ளே போவது கரடுமுரடானது. அதை யார் வேண்டுமானாலும் கலக்கலாம். வெளியே தெரிகிற ஒரு விரல் கனத்துக்கு மட்டும் முகப்புக் கலவை. கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுகிற வெள்ளைக்கல்லை முகத்துக்குப் போடுகிற பவுடர் அளவுக்கு அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து எடுப்பது. எங்கள் பட்டறையின் பெயர் அந்த ஒரு விரல் கனத்தில்தான் இருக்கிறது. அதை என் தம்பியைப் போலச் செய்ய ஆள் கிடையாது. ஒரு பிடி அள்ளி இறுக்குவான். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது, கைதான். வேலை முடிந்து வரும்போது புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். பட்டறையில் எல்லோரும் அவனைப் பவுடர் என்றுதான் கூப்பிடுவார்கள். "பவுடர், மாப்பிள்ளை கோலமா?" என்று கிண்டல் செய்வார்கள். அவனும் கன்னத்தைத் தட்டிக்காட்டிச் சிரிப்பான்.

அரைக்கிற இயந்திரத்துக்கு மேலே ஒரு சின்னக் குழாய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் பொடி பறக்காது. அதற்காகத்தான் வைத்தது. அதை மூடியது நான். ஈரம் பட்ட பொடி கட்டி கட்டியாகி, முகப்பில் திட்டுத் திட்டாகத் தெரியும். தேமல் விழுந்த முகம் மாதிரி இருக்கிற பெஞ்சை யார் தோட்டத்தில் போடுவார்கள். ஒரு தடவை அவனே கேட்டான்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி விட்டா என்ன? கண்ணு எரியுது."

"திட்டு விழும்டா. உன் கை வேலையை நீயே கெடுத்துக்கப் போறியா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்துக்குத் திரும்பினான். கைவேலையைச் சொன்னால் அடங்கிவிடுவான். ஆணியில் தொங்குகிற முகமூடிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். மேலுறை பிரிக்காமல் இருக்கின்றன. உங்களைப் போல யாராவது வந்தால் காட்ட வாங்கியது.

அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினேழு. அப்பா அதற்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன், மதிப்பெண் அட்டையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டு பேரும் பையனை எங்கே விடுவீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் வாசலைக் காட்டினேன். அதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை; வந்திருந்தால் மறைக்காமல் சொல்வேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவன் பேரில் எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் பிரிப்பேன். மீசை முளைத்த பிறகும், கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். உறையைக் கையில் வாங்கினால் திருப்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் நீட்டிவிடுவான். "அக்கா, எனக்கு என்ன வந்திருக்குன்னு பாரு" என்பான்.

அவன் பெண்டாட்டி தொட்டி வாங்க வந்தவள். அவளுடைய அண்ணன் ஒரு நர்சரி வைத்திருக்கிறார், இங்கிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். அதற்கு நாற்பது தொட்டி கேட்டு வந்தாள். தொட்டியோடு சேர்த்துத் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் பார்த்தாள். நான் விடவில்லை. கல்யாணம் ஆனதும் இங்கேயே தங்கினாள். நல்ல பெண், அதில் குறை சொல்ல மாட்டேன். அச்சிலிருந்து எடுத்த கல்லை உப்புக் காகிதத்தால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலையை அவளுக்குக் கொடுத்தேன். ஆனால் மாதம் ஒரு முறை அவள் அண்ணன் கூப்பிடுவார். அங்கே நிழல் இருக்கிறது, பச்சை இருக்கிறது, செடிக்குத் தண்ணீர் விடுகிற வேலைதான் என்று இரண்டு பேரும் எனக்குக் கேட்காத மாதிரி பேசிக்கொள்வார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மருத்துவ வேன் வந்தது. உங்கள் இலாகாதான் அனுப்பியிருக்கும். இந்தத் தெருவில் இருக்கிற பட்டறை எல்லாவற்றிலும் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பழுப்பு உறைகள் வந்தன, அவனுடையதும் வந்தது. வழக்கம்போல நான்தான் பிரித்தேன். உள்ளே படமும் ஒரு கடிதமும் இருந்தன. நுரையீரலில் கல்தூசி படிய ஆரம்பித்திருக்கிறது, இந்த நபரை இன்றே தூசி வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், இப்போது எடுத்தால் மேற்கொண்டு கெடாமல் காப்பாற்ற வாய்ப்பு அதிகம், பத்து நாளுக்குள் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. டைப் அடித்த எழுத்துக்குக் கீழே டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார், "இன்றே" என்ற சொல்லுக்கு அடியில். அதை நான் நாலு தடவை படித்தேன்.

படித்தேன், புரிந்தது. புரியவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் பொய் சொல்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. அந்த உறையை அவன் கையில் கொடுத்தால் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிடுவாள். அவன் நர்சரிக்குப் போவான். அங்கே போனால் பிழைப்பான். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் அங்கே அவனை யார் பார்த்துக்கொள்வார்கள், சொல்லுங்கள். அவனுக்குச் சாப்பாட்டில் சூடு எவ்வளவு பிடிக்கும், எந்தப் பக்கம் படுப்பான், கோபம் வந்தால் எத்தனை நாள் பேசாமல் இருப்பான், இதெல்லாம் செடி விற்கிற ஆளுக்குத் தெரியுமா?

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"அக்கா, வேன் கவர் வந்துச்சாமே. எனக்கு என்ன போட்டிருக்கு?"

"என்ன போடுவான். வெறும் சளியாம். வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கான்."

"அவ்வளவுதானா? இவ ஒரு வாரமா பயந்துகிட்டே கிடக்கா."

"அவளுக்கு வேற என்ன வேலை."

சிரித்தான். நானே வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு தினமும் இரண்டு வேளை கொடுத்தேன். பாசத்தோடு செய்ததை நீங்கள் எழுதாமல் விடக் கூடாது. உறையை இந்த அறையிலேயே, உங்கள் தலைக்கு மேலே இருக்கிற பிஸ்கட் டப்பாவில் வைத்தேன்.

அடுத்த வருஷம் வேன் வருகிற தேதி எனக்கு முன்கூட்டியே தெரியும். அன்று காலையில் ஒரு குருவிக் கிண்ணத்தை வண்டியில் ஏற்றி, தூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பதித்துவிட்டு வரச் சொல்லி அவனை அனுப்பினேன். அந்த வீட்டுக்காரர் அவசரம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் திரும்பி வருவதற்குள் வேன் போய்விட்டது. அந்த வீட்டில் பெரிய மாமரம் இருந்ததாம், நிழலில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டேன் அக்கா என்று சொன்னான்.

மூன்றாவது வருஷம் இடிகட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு பெஞ்சு இடிப்பதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. அவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்தேன். சல்லடை. கால் நீட்டி உட்காரலாம், பளு கிடையாது, மேலே கூரை, மூன்று பக்கமும் தகரம், வெயில் படாது. மெத்தை தைத்துப் போட்டேன். பட்டறையில் இருந்த அச்சுத் தச்சர், வயதானவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காத்தே வராத இடத்துல போய் அவனை உட்கார வச்சிருக்கியேம்மா" என்றார். காற்று வந்தால் பொடி கலைந்துவிடும் என்றேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள் சார், நான் சொல்வது எல்லாம் நடந்ததுதான்.

கடைசியில் படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்த வாக்கிலேயே வைத்திருந்தார்கள். டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அச்சிலிருந்து எடுத்த முகப்பு அப்படித்தான் இருக்கும், நல்ல முகப்பு. அவர் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா? எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா நல்லது."

"இல்லைங்க டாக்டர். எடுத்ததே இல்லை."

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு வேன் ஞாபகம் இருந்தது. சட்டையைக் கழற்றி அந்தக் குளிர்ந்த தகட்டில் நெஞ்சை வைத்து நின்றது, கவர் வந்ததா என்று கேட்டது, வெறும் சளி என்று நான் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக அவன் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன். அவன் பெண்டாட்டி பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, சார். அவன் என்மேல் எவ்வளவு உயிராக இருந்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அவள் மருந்து வாங்கக் கீழே போனபோது முகத்தில் இருந்த ஆக்ஸிஜன் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினான்.

"அவளையாவது விட்டுடு, அக்கா."

"பேசாதே, மூச்சு வாங்குது பார்."

"அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடு. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். உள்ளங்கையில் ஈரமே இல்லை. இரண்டு நாளில் போய்விட்டான். நான் அழுததைப் பார்த்துத் தெருவே அழுதது. நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். என் வயிற்றில் பிறக்காத குறை ஒன்றுதான். என் உயிர்தான் போனது.

இவ்வளவுதான் நீங்கள் கேட்டது. குழாயை மூடியது, உறையை மறைத்தது, வேன் வந்த அன்று அனுப்பிவைத்தது, சல்லடையில் உட்கார வைத்தது, நாலையும் தெரிந்தேதான் செய்தேன். அவன் செத்ததற்கு நான்தான் காரணம். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

அவளைப் பற்றியா? அதுதான் வெளியே சல்லடைச் சத்தம் கேட்கிறதே.

கோபப்படாதீர்கள், சத்தியத்தை நான் மீறவில்லை. போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. காரியம் எல்லாம் முடிந்து அவள் அண்ணன் கூட்டிப்போக வந்தபோது ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அவன் ஞாபகமா உன் கையாலேயே ஒரு பெஞ்சு செஞ்சு எடுத்துட்டுப் போம்மா. நர்சரியில மரத்தடியில போடலாம். அவன் உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து, நீயே சலிச்சு, நீயே இடிச்சு." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சரி, அண்ணி" என்றாள். அண்ணனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு பெஞ்சு, அதிகம் போனால் மூன்று வாரம் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

புதுக்கல் ஏழு நாள் ஈரச் சாக்குக்குள் இருக்க வேண்டும், சார். அவசரமாகக் காய்ந்தால் மயிர்க்கோடாக விரிசல் விழும். அவள் காலையும் மாலையும் சாக்கை நனைத்துப் போர்த்துவாள், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும் நான் சாக்கை விலக்கிவிடுவேன். உச்சி வெயிலில் அரை மணி நேரம் போதும். அவள் வருவதற்குள் மறுபடியும் மூடிவிடுவேன். முதல் பெஞ்சு குறுக்கே விரிந்தது. இரண்டாவதன் கால் விட்டுப்போனது. மூன்றாவதைப் பார்த்து அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்குக் கை வரலை அண்ணி, அவருக்கு ஒரு நல்ல பெஞ்சு செய்யக்கூட எனக்குத் துப்பில்லை" என்றாள். நான்தான் தலையைத் தடவிக் கொடுத்தேன். பொடி இன்னும் மென்மையாக இருந்தால் விரியாது, மூன்று தடவை சலி என்றேன். சலிக்கிறாள். பட்டறைக்கு வேண்டிய பொடியையும் சேர்த்துப் பத்து மாதத்துக்கு மேலாகச் சலிக்கிறாள். இப்போது நாலாவது பெஞ்சுக்கு.

அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் அவன் பேச்சை யாரோடு பேசுவேன்? சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து அவனைப் பற்றித்தான் பேசுகிறோம். அவள் வெள்ளைப் புருவத்தோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு பக்கமாகப் பார்த்தால், அவனே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது தம்பியுடைய உறை, உங்களுக்கு வேண்டிய சாட்சி அதுதான். அடியில் இன்னொன்று இருக்கும். அது அவள் பேரில் வந்தது. போன மாதம் வேன் வந்தபோது எடுத்த படம். தன் காகிதத்தைத் தானே பிரிக்கிறவள்தான், ஆனால் அன்றைக்கு அவள் சல்லடையில் இருந்தாள், தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒட்டு அப்படியே இருக்கிறது பாருங்கள். இந்தத் தடவை நான் படிக்கவே இல்லை. தம்பி விஷயத்தில் படித்ததால்தானே இவ்வளவு பாவமும் என் தலையில் விழுந்தது. இதில் என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு எதுவும் தெரியாது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? சத்தம் நின்றுவிட்டதே என்றா? அடிக்கடி நிற்கும், கொஞ்சம் இருமிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாள். உட்காருங்கள், சார். அவளுக்கு வெந்நீர் வைத்திருக்கிறேன். வெறும் சளிதான்.